கேதார்நாத்: பனி விட்டுப் போன பூமி

கேதார்நாத் யாத்திரை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறின சிரமத்தைச் சொல்வார்கள். குளிரைச் சொல்வார்கள். சந்நிதியில் நின்றதும் கண்ணில் நீர் முட்டியதைச் சொல்வார்கள். காலுக்குக் கீழே இருந்த பூமியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த க்ஷேத்திரத்தில் பார்க்க வேண்டியவற்றில் அந்த பூமியும் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அங்கே தங்கப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்.

2023-ம் வருஷம் செப்டம்பர் கடைசியில், மழைக்காலம் ஓய்ந்த சமயமாகப் பார்த்து, நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நான், என் கணவர், அவருடைய அக்கா. அக்கா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் கூட வந்தால் மலை, ஆறு எல்லாமே பாடப் புத்தகமாகி விடும். வயசு அறுபத்து நாலு; நடையில் என்னைத் தோற்கடித்து விடுவார்!

ஹரித்வாரிலிருந்து ரிஷிகேசம், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை வழியாக குப்தகாசி போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகளை யாத்ரிகர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்கார அம்மாளுக்கு என் வயசுதான் இருக்கும். ராத்திரி ரொட்டி போட்டுக் கொடுத்துக்கொண்டே பேசினாள். என் கணவர் டில்லியில் வேலை பார்த்தவராதலால் ஹிந்தி தெரியும். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டோம்.

2013 ஜூன் மாத வெள்ளத்தில் அவளுடைய கணவரும் மூத்த மகனும் மேலே கடை போட்டிருந்தார்களாம். திரும்பி வரவில்லை. குப்தகாசி, ஊக்கிமட் பக்கத்துக் கிராமங்களில் இப்படி ஒரே நாளில் ஆண்பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அநேகம். இப்போது இரண்டாவது மகன், சீசன் முழுவதும் மேலேயே தங்கி கோவேறு கழுதை ஓட்டுகிறான். 'கச்சர்' என்று அங்கே சொல்கிறார்கள். வேறு பிழைப்பு கிடையாது.

“மேலே ஒரு ஏரி இருந்ததே, அதுதானே அன்னிக்கு உடைஞ்சது? அதிலே மறுபடி தண்ணி நிக்குதான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. பிள்ளையைக் கேட்டா எப்பவும் 'ஒண்ணுமில்லை அம்மா'ன்னுதான் சொல்றான். நீங்க பெண்பிள்ளைங்க, உள்ளதைச் சொல்வீங்க” என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்டிப்பா பார்த்துட்டு வரேன்” என்றார்.

'ப' எழுத்துப் பள்ளத்தாக்கு

மறுநாள் விடிகாலையில் சோன்பிரயாகை. அங்கிருந்து ஜீப்பில் ஐந்து கிலோமீட்டர் போனால் கௌரிகுண்டம். சுமார் 6,500 அடி உயரம். முன்பெல்லாம் இங்கே வெந்நீர் குண்டத்தில் ஸ்நானம் செய்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்தப் பழைய குண்டம் 2013 வெள்ளத்தோடு போயிற்று. அந்த அம்மாளின் மகன் தன் கச்சர்களோடு எங்களுக்காகக் காத்திருந்தான். எனக்கு மூட்டு வலி உண்டு என்பதால் நான் ஏறிக்கொண்டேன். அக்கா, “முடிஞ்ச வரைக்கும் நடக்கறேன்” என்று கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பழைய பாதை 14 கிலோமீட்டர். நடுவில் ராம்பாடா என்று ஒரு பெரிய தங்குமிடம் இருந்தது. டீக்கடை, சத்திரம், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பாதையை அங்கே பாலம் கட்டி மறுகரைக்கு மாற்றி விட்டார்கள். அதனால் இப்போது நடை 16 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

ஜங்கிள் சட்டி, பீம்பலி வரை மந்தாகினி ஆறு கிடுகிடு பள்ளத்தில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. ராம்பாடா தாண்டியதும் ஒரு மாறுதல் தெரிந்தது. பள்ளத்தாக்கு மெதுவாக விரிந்தது. இரு பக்கமும் மலை சுவர் போல நேராக நிற்க, அடிப்பாகம் அகலமாக ஆயிற்று. எங்கோ உச்சியிலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி அருவிகள் தொங்கின.

லின்சோலியில் டீ குடிக்க உட்கார்ந்தபோது அக்கா சொன்னார்: “கீழே பார்த்தியே, அது ஆறு வெட்டின பள்ளத்தாக்கு. இங்கிலீஷ் 'வி' எழுத்து மாதிரி அடியில் குறுகிப் போகும். ஆறு கத்தி மாதிரி. கோடு கிழிச்ச இடத்திலேயே ஆழமா அறுத்துண்டு போகும். இது பனியாறு வெட்டினது. நம்ம 'ப' எழுத்து மாதிரி இருக்கு பார்! பனியாறு பள்ளத்தாக்கு முழுக்க அடைச்சுண்டு நகரும். அதனால அடியையும் பக்கத்தையும் சேர்த்தே சுரண்டிவிடும்.”

அதாவது, சுமார் 13,000 வருஷங்களுக்கு முன்னால் பனியாறு ராம்பாடா வரைக்கும் இறங்கியிருந்ததாம்! டேராடூனில் உள்ள வாடியா இமாலய மண்ணியல் நிறுவனத்து விஞ்ஞானிகள் அங்கே கிடக்கிற கல்மேடுகளை ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருகிப் பின்வாங்கி, நடுநடுவே நின்று நின்று, சுமார் 5,000 வருஷங்களுக்கு முன் கேதார்நாத் பக்கம் நின்றிருக்கிறது. நாம் மூச்சிரைக்க ஏறுகிற இந்தப் பாதை, அது பின்வாங்கிப் போன பாதைதான்.

முறமும் கோணியும்

சாயங்காலம் கேதார்நாத் போய்ச் சேர்ந்தோம். 11,755 அடி உயரம். அப்பாடா, என்ன குளிர்! ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்ததும் குளிர் மறந்துபோகிறது. பின்னால் 22,000 அடிக்கு மேல் எழும்பி நிற்கிற கேதார் சிகரம். நடுவில் கறுத்த கல்லில் கோயில். ஒரு பக்கம் மந்தாகினி, மறு பக்கம் சரஸ்வதி என்று இரண்டு ஓடைகள். அந்த இரண்டுக்கும் நடுவில், தாம்பாளம் மாதிரி ஒரு சமதளத்தில் ஊர் இருக்கிறது. தரிசனம் திருப்தியாக ஆயிற்று. அந்த அனுபவத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது, விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை, கிழக்கே மேட்டில் இருக்கிற பைரவர் கோயிலுக்கு ஏறினோம். கேதாரத்துக்குக் காவல் தெய்வம் இவர்தான். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் படம் வரைந்தாற்போல் தெரிகிறது. இவ்வளவு செங்குத்தான மலைகளுக்கு நடுவில் இந்தச் சமதளம் எப்படி வந்தது? அக்காவைக் கேட்டேன்.

பனி வருஷா வருஷம் மேலே மேலே விழுந்து, தன் கனத்தாலேயே கெட்டிப்பட்டுப் பாளமாகி, மெதுவாகச் சரிய ஆரம்பிக்கிறது. அதுதான் பனியாறு. சரியும்போது அடியில் உள்ள பாறையைப் பெயர்க்கிறது. பக்கத்து மலையிலிருந்து உதிர்கிற கற்களையும் முதுகில் ஏற்றிக்கொள்கிறது. அதன் அடியில் சிக்கிய கற்கள், அம்மியில் குழவி ஓடுவது போலத் தரைப் பாறையை அரைக்கின்றன. அப்படி அரைத்த மாவு உருகுநீரில் கலந்து வருவதால்தான் மந்தாகினித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்து, 'ஏன் இப்படிக் கலங்கலாக இருக்கிறது?' என்று நினைத்துக்கொண்டேன். அது அழுக்கல்ல, கல் மாவு!

பனி உருகும்போது இத்தனை சாமானையும் அங்கங்கே போட்டுவிட்டுப் போகிறது. துடைப்பத்தால் வாசலைப் பெருக்கினால் குப்பை இரண்டு பக்கமும் வரிசையாக ஒதுங்குமே, அந்த மாதிரி பனியாற்றின் இரு ஓரங்களிலும் நீளமான கல்மேடுகள் நிற்கின்றன. 'மொரெய்ன்' என்று அதற்குப் பெயர். கேதார்நாத்துக்கு மேலே அவற்றைப் பார்த்தால், யாரோ லாரி லாரியாகக் கொட்டிக் கரை கட்டின மாதிரி இருக்கிறது. உருகி ஓடுகிற தண்ணீர் அந்தக் கற்களில் ஒரு பங்கை இழுத்து வந்து கீழே பரப்புகிறது. அப்படிப் பரத்தின தளத்தின் மேல்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா ஒரு விஷயம் சொன்னார். அது என் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. “ஆத்துத் தண்ணி முறம் மாதிரி. கல்லை ஒரு இடத்தில், மணலை ஒரு இடத்தில், வண்டலை ஒரு இடத்தில்னு தரம் பிரிச்சுப் போடும். பனியாறு கோணிப்பை மாதிரி. வீடு அத்தனை பெரிய பாறை, புளியங்கொட்டை அளவு கல், மாவு எல்லாத்தையும் ஒண்ணா அடைச்சு எடுத்துண்டு வரும். உருகினதும் கோணியைக் கவிழ்த்த மாதிரி அப்படியே கொட்டிட்டுப் போயிடும். அதனால அந்த மேட்டில் பிடிமானம் கிடையாது. சில இடத்தில் உள்ளுக்குள்ளே பழைய பனிக்கட்டி கூட மாட்டிண்டு இருக்கும். அது உருகினா மேடே உள்வாங்கும்.”

பார்வைக்கு மலையாக நிற்கிறது. உள்ளே ஒட்டவே இல்லை. நினைத்தாலே கொஞ்சம் பயமாக இருந்தது.

கல்பாசி சொல்லும் வயசு

குருமாவுக்கும் பிரியாணிக்கும் நாம் தாளிக்கிற கல்பாசி தெரியுமல்லவா? பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற ஒருவிதப் பாசிதான் அது. அதற்கு ஒன்றுவிட்ட சொந்தமான, வேறு வகைப் பாசிகள் இந்தக் கற்களின் மேலும் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கின்றன. பச்சையும் மஞ்சளுமாக ஒரு வகை, சாம்பல் நிறத்தில் ஒரு வகை. இவை மிக மெதுவாக வளரும். பனி விலகி, கல் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பாசி பிடிக்க ஆரம்பிக்கும். ஆகவே பாசி வட்டத்தின் அகலத்தை அளந்து, இந்தக் கல்லை விட்டுப் பனி எப்போது போயிற்று என்று கணக்குப் போடுகிறார்களாம்.

நாங்களும் பார்த்தோம். மேட்டின் சில பாறைகளில் ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பாசி. ஊருக்குப் பக்கத்தில் ஆற்றோரம் கிடந்த கற்களிலோ ஒரு பொட்டுப் பாசி கூடக் கிடையாது. புதுசாக உடைத்த மாதிரி சாம்பலாக இருந்தன. அவையெல்லாம் சமீபத்தில் வந்து விழுந்தவை. கோயிலுக்குப் பின்புறம் ஒரு பெரிய பாறை இருக்கிறது. பீமசிலை என்று சொல்லி இப்போது பூ போட்டுக் கும்பிடுகிறார்கள். 2013 வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த பாறை அது. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று, வெள்ளத்தை இரண்டாகப் பிரித்துவிட்டதால் கோயில் தப்பித்தது. சுற்றிலும் இருந்த விடுதிகளும் கடைகளும் தப்பவில்லை. ஆதிசங்கரர் சமாதியும் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு அதைப் புதிதாக அமைத்து, 2021 நவம்பரில் திறந்திருக்கிறார்கள்.

ஏரி இருந்த இடம்

அதற்கு அடுத்த நாள் காலை, அந்தப் பையனையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கக் கிளம்பினோம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஏறக்குறைய 12,800 அடி உயரம். பத்து அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கித்தான் போனோம்.

சோராபாரி என்பது அங்குள்ள பனியாற்றின் பெயர். ஏழு கிலோமீட்டர் நீளம். 1962-க்கும் 2012-க்கும் இடையில் 300 மீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. வருஷத்துக்கு நம் வீட்டுக் கூடத்து நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்துக் கல்மேட்டுக்கும் மலைச் சுவருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியானது. 1948-ல் மகாத்மா காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை இதில் கரைத்ததால் காந்தி சரோவர் என்று பெயர் வந்தது. 400 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் இருந்ததாகச் சொல்கிறார்கள். முன்பு யாத்ரிகர்கள் குழந்தைகளோடு போய் வேடிக்கை பார்த்த இடம்.

இந்த ஏரிக்கு மதகு மாதிரி மேலே வடிகால் எதுவும் இல்லை. மேட்டின் அடியில், கற்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். 2013-ல் பருவமழை வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. மேலே பனி இன்னும் நிறையக் கிடந்தது. ஜூன் 15, 16 தேதிகளில், வாடியா நிறுவனத்தார் பனியாற்றின் பக்கத்தில் வைத்திருந்த மழைமானியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. மழையும் அது உருக்கிய பனியும் சேர்ந்து கொட்டின. 16-ந் தேதி மாலையிலேயே முதல் வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் ஏரிக் கரை உடைந்தது. சில நிமிஷங்களில் ஏரி முழுவதும் காலி! கரையாக நின்ற கல்லும் மண்ணும் தண்ணீரோடு சேர்ந்து ஊர்மேல் இறங்கியது. உத்தரகாண்டம் முழுவதும் அந்த வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

நாங்கள் பார்த்தபோது ஏரி இருந்த இடம் வறண்ட தட்டையான தளமாக இருந்தது. காய்ந்த சேறு, கூழாங்கல், நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை, இரண்டு மூன்று குட்டைகள். கரை பிளந்த இடம் பெரிய வாசல் மாதிரித் திறந்து கிடந்தது. இரண்டு பக்கத்துச் சரிவிலும் பெரிய பாறைகள் மாவு மண்ணில் பாதி புதைந்து, எப்போது வேண்டுமானாலும் கிளம்புகிறேன் என்பது போல் நின்றன. நாங்கள் நின்றிருந்தபோதே சரசரவென்று கொஞ்சம் கல் சரிந்தது. பையன், “போதும் மாதாஜி, கீழே போகலாம்” என்றான்.

திரும்பும் வழியில் அக்கா அவனிடம், ராத்திரி எங்கே படுக்கிறாய் என்று என் கணவர் மூலம் கேட்டார். ஆற்றோரம் ஒரு கொட்டகையைக் காட்டினான். அங்கேதான் கச்சர்களைக் கட்ட இடம் இருக்கிறதாம்.

“தண்ணி இருக்கா?”

குப்தகாசிக்கு வந்து மூட்டையை இறக்குவதற்குள் அந்த அம்மாள் கேட்டுவிட்டாள். அக்கா அவளை உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார்.

“பழைய ஏரியில் தண்ணி இல்லை. கரை திறந்துதான் இருக்கு, மழை பெய்தா ஓடிப் போயிடும். அதை நினைச்சு ராத்திரி முழிச்சுண்டு இருக்க வேண்டாம். ஆனா சுத்தி இருக்கிற மேடெல்லாம் கெட்டியான மலை இல்லை, பனி கொட்டிட்டுப் போன குவியல். விடாம மழை பெய்தா அது நகரும். உங்க பிள்ளை ஆத்தங்கரையில் படுக்கிறான். அது சரியில்லை.”

ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாமே, பாவம், ஏற்கெனவே நொந்தவள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் அழவில்லை. உடனே டெலிபோனை எடுத்து மகனோடு பேசினாள். என் கணவர் மெல்ல மொழிபெயர்த்தார்: “மேட்டுப் பக்கம் இடம் பார்த்துப் படு. வாடகை கேட்டா நான் தரேன். ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா கீழே வந்துடு. சவாரி போனா போகட்டும்.” பிறகு எங்களுக்கு டீ போட எழுந்து போனாள்.

நாங்கள் ஊர் திரும்பின சில நாட்களில், 2023 அக்டோபர் 4-ந் தேதி, சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற ஏரி உடைந்த செய்தி வந்தது. அங்கேயும் இதே கதைதான். பனியாறு பின்வாங்கின இடத்தில் மொரெய்ன் அணைத்த ஏரி; ஓரத்து மேடு சரிந்து ஏரிக்குள் விழ, கரை உடைந்து, தீஸ்தா ஆற்றில் இருந்த பெரிய அணையே போய்விட்டது. இமயமலை நதிகளின் பிரதேசத்தில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளைக் கண்டறிந்து, அவற்றில் 676 ஏரிகள் 1984-லிருந்து பெருத்திருப்பதாக இஸ்ரோ 2024-ல் அறிவித்தது. பனி உருக உருக, இந்த மாதிரி கோணி கவிழ்த்த கரைகளும் அவற்றின் பின்னால் தேங்கும் தண்ணீரும் அதிகமாகிக்கொண்டுதான் இருக்கும்.

கேதார்நாத்தில் இப்போது கோயிலுக்குப் பின்னால் மூன்றடுக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாம் போகிறபோது 'வெந்நீர் இல்லையா, கட்டில் மெத்தை இல்லையா, ஆற்றைப் பார்த்த அறை இல்லையா?' என்று கேட்கக் கேட்கத்தானே அந்தத் தளத்தில் கட்டடம் பெருகுகிறது? தரிசனம் செய்து ஒரு ராத்திரி எளிமையாகத் தங்கி இறங்கி வருவது நமக்கும் நல்லது, அந்தப் பையனைப் போன்றவர்களுக்கும் நல்லது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• கோயில் நடை அட்சய திருதியையை ஒட்டித் திறந்து, தீபாவளி முடிந்ததும் மூடுகிறார்கள். பனிக்காலத்தில் சுவாமி ஊக்கிமட்டில் எழுந்தருளியிருப்பார். ஜூலை, ஆகஸ்டு மழை மாதங்களைத் தவிர்த்து விடுங்கள். முன்பதிவு கட்டாயம்.

• அங்கே நம் ஊரில் கிடைக்கிற பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஹெலிகாப்டரில் சில நிமிஷத்தில் போய் இறங்குகிறவர்கள் உடனே ஓடியாடக் கூடாது. மெதுவாக நடங்கள். வெந்நீர் அடிக்கடி குடியுங்கள். தலைவலி, வாந்தி, படுத்தால் மூச்சுத் திணறல் என்று வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் துணையோடு கீழே இறங்குவதுதான் மருந்து.

• ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். கைக்குழந்தையை அழைத்துப் போவதை இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் போடலாம். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத வயசு அது.

• தங்கும் இடம் ஆற்று மட்டத்துக்கு நன்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் பாசி பிடிக்காத புதுக் கற்கள் குவிந்து கிடந்தால், வெள்ளமோ சரிவோ சமீபத்தில் வந்த வழி என்று அர்த்தம். அங்கே கூடாரம் வேண்டாம்.

• மழை விடாமல் பெய்தால், தரிசனம் ஆகாவிட்டாலும் திரும்பி விடுங்கள். அடுத்த வருஷமும் நடை திறக்கும்.

கம்பளி, மழைக்கோட்டு, நல்ல ரப்பர் அடி வைத்த ஷூ, கொஞ்சம் சுக்கு, மிளகுப் பொடி இவற்றை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சந்நிதியில் கும்பிட்ட பிறகு, வெளியே வந்து ஒரு நிமிஷம் அந்தக் கற்களையும் பாருங்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்!